ஜன்னலோர வேலை: வான்வழித் தேடலுக்குப் போகும் புது அப்சர்வருக்கு

தேடல் விமானத்தில் தேடுகிறவர் பைலட் அல்ல. உயரம், வேகம், திசை மூன்றையும் பிடித்து வைத்திருக்கவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும். சின்ன விமானம் தாழ்வாகப் பறக்கும்போது அதற்கே இரண்டு கண் போதாது. காணாமல் போனவரைக் கண்டுபிடிக்க வேண்டியது ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஆள்தான். அவரைத் தமிழில் ‘பார்வையாளர்’ என்றால் மேட்ச் பார்க்க வந்தவர் போல் இருக்கிறது. ‘கண்காணிப்பாளர்’ என்றால் ஆபீஸ் அதிகாரி நினைவுக்கு வருகிறார். அதனால் அப்சர்வர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

சில குழுக்களில் முன் இருக்கைக்காரரும் பின் இருக்கைக்காரரும் வேறு வேறு வேலை பார்ப்பார்கள். முன்னால் இருப்பவருக்கு வரைபடம், ஜிபிஎஸ், வானொலி, குறிப்பேடு. பின்னால் இருப்பவருக்கு ஜன்னல் மட்டும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பின்னால்தான் தொடங்குவார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு.

சேர்வது

அமெரிக்காவில் 1941 முதல் இயங்கும் சிவில் ஏர் பேட்ரோல், கனடாவின் காசாரா போன்ற தொண்டர் அமைப்புகள் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து விமானத்தில் ஏற்றுகின்றன. ஆஸ்திரேலியாவில் மாநில அவசரச் சேவைத் தொண்டர்கள் அப்சர்வர்களாகப் பறக்கிறார்கள். வேறு பல நாடுகளில் இது கடலோரக் காவல் படை, விமானப்படை, போலீஸ் ஆகியோரின் வேலை. எங்கே சேர்ந்தாலும் பயிற்சியின் அடித்தளம் ஏறக்குறைய ஒன்றுதான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சேர்ந்து வெளியிடும் மூன்று தொகுதித் தேடல்-மீட்புக் கையேடு எல்லோருக்கும் பொது. விமானத்திலும் கப்பலிலும் இருக்க வேண்டியது மூன்றாவது தொகுதி. அதை முதலில் புரட்டிவிடுங்கள். பைலட் உரிமம் எதுவும் தேவையில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் தூரப் பார்வைக்கான கண்ணாடியைப் புதுப்பித்து வைத்திருந்தால் போதும்.

கிளம்புவதற்கு முன்

பிரீஃபிங்கில் தலையாட்டிவிட்டு எழுந்து வராதீர்கள். எதைத் தேடுகிறோம், எத்தனை பேர், கடைசியாக எப்போது, எங்கே பார்த்தார்கள், என்ன நிறச் சட்டை, என்ன நிறக் கூடாரம் என்று கேளுங்கள். விமானம் என்றால் என்ன பெயின்ட், படகு என்றால் என்ன நீளம், என்ன நிறம். நமக்குக் கொடுத்திருக்கும் பகுதியின் எல்லை எங்கே, எந்த உயரம், விமானம் பறக்கும் கோடுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, அதே பகுதியில் வேறு விமானம் இருக்கிறதா. இதையெல்லாம் ஒரே தாளில் எழுதித் தொடையில் கட்டிக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு இரைச்சலில் ஞாபகம் நழுவிவிடும்.

உடை விஷயத்தில் ஒன்று பலருக்குத் தெரியாது: கறுப்பு அல்லது கருநீலச் சட்டை போடுங்கள். வெள்ளைச் சட்டை ஜன்னலில் பிரதிபலித்து, நீங்கள் பார்க்க வேண்டிய காட்டின் மேல் உங்கள் சட்டையே மிதக்கும். அதோடு, விமானத்தின் சூட்டுக்கு மட்டும் உடுத்தாதீர்கள். வழியில் இறங்க நேர்ந்தால் நடக்கக்கூடிய காலணி, இரவைத் தாங்கக்கூடிய மேலங்கி வேண்டும். தண்ணீருக்கு மேல் பறந்தால் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே உட்காருங்கள். விமானத்துக்குள் மட்டும் அதை ஊதிவிடக் கூடாது. நீருக்குள் போய்விட்ட விமானத்தில் அது உங்களைக் கூரையோடு ஒட்டி வைத்துவிடும். கதவு எப்படித் திறக்கும், தீயணைப்பான் எங்கே என்று பைலட் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஜன்னலை மென்மையான ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். நூற்றைம்பது அடி தள்ளி இருக்கும் பறவைக்கும் கண்ணாடியில் ஒட்டிய பூச்சிக்கும் வித்தியாசம் தெரியாமல் முழித்த அனுபவம் எல்லா அப்சர்வருக்கும் உண்டு. போலராய்டு கூலிங் கிளாஸ் நீரிலிருந்து வரும் கண்கூச்சத்தைக் குறைக்கும். ஆனால் ஜிபிஎஸ் திரை அதில் சில கோணங்களில் கறுத்துவிடும், பிளாஸ்டிக் ஜன்னலில் வண்ணப் பட்டைகளும் தெரியும். தரையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் வாந்தி. இதைப் பற்றி வெட்கப்படாமல் பேசுவோம். தாழ்வான உயரம், வெயிலில் எழும்பும் காற்றின் குலுக்கல், பக்கவாட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்கும் தலை, அதற்கு மேல் அவ்வப்போது ஒரு வட்டம். பத்து வருடம் பறந்தவருக்கும் குமட்டும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். மாத்திரை போடுவதென்றால் பறக்காத ஒரு நாளில் போட்டு, தூக்கம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். தூங்கி வழியும் அப்சர்வர் காலி இருக்கையைவிட மோசம். காலி இருக்கையையாவது எல்லோரும் காலி என்று அறிவார்கள். குமட்டல் தொடங்கும்போதே தலையை நிமிர்த்தி அடிவானத்தைப் பாருங்கள், குளிர்ந்த காற்று வரும் துவாரத்தை முகத்துக்கு நேராகத் திருப்புங்கள், பைலட்டிடம் சொல்லுங்கள். வாந்திப் பையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், காலுக்கடியில் அல்ல.

கண்ணைப் பழக்குவது

இதுதான் வேலையின் மையம். ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பது வேறு, தேடுவது வேறு.

கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். உங்கள் கண்ணில் கூர்மையாகத் தெரியும் பகுதி ஏறக்குறைய அவ்வளவுதான், இரண்டு டிகிரி. மற்றதெல்லாம் மங்கல், மூளை அதை நிரப்பி, எல்லாம் தெரிவது போல நம்ப வைக்கிறது. இன்னொன்று: கண் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும் அந்தக் கணத்தில் நாம் எதையும் பார்ப்பதில்லை. பார்வையைச் சர்ரென்று காட்டின் மேல் ஓட்டினால், ஓட்டின நேரம் முழுக்க வீண்.

ஆகவே நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். விமானத்துக்குக் கீழே, உங்களால் எவ்வளவு செங்குத்தாகப் பார்க்க முடியுமோ அங்கே தொடங்குங்கள். ஒரு இடத்தில் கண்ணை நிறுத்துங்கள், பாருங்கள். கொஞ்சம் வெளியே நகர்த்தி மறுபடி நிறுத்துங்கள். இப்படியே தேடல் எல்லை வரை போய், அங்கிருந்து மீண்டும் விமானத்தின் அடிக்கு வாருங்கள். விமானம் நகர்ந்துகொண்டே இருப்பதால் அடுத்த வரிசை தானாகப் புதுத் தரையில் விழும். ஏர் உழுவது போலத்தான், மாட்டுக்குப் பதில் விமானம் இழுக்கிறது.

தேடல் எல்லையை எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு கணக்கு: ஆயிரம் அடி உயரத்தில் பறக்கும்போது, அரைக் கடல் மைல் தள்ளியிருக்கும் தரை அடிவானத்திலிருந்து சுமார் 18 டிகிரி கீழே தெரியும். கையை நீட்டி விரல்களை மடக்கினால், அந்த முட்டியின் அகலம் பத்து டிகிரி. ஆக, அடிவானத்திலிருந்து இரண்டு முட்டிக்குச் சற்றுக் குறைவாக இறங்கினால் அரை மைல் கோடு. அந்தக் கோடு இறக்கைத் தாங்கு கம்பியில் எங்கே விழுகிறது என்று பார்த்து வையுங்கள், அல்லது பைலட்டைக் கேட்டுவிட்டு ஜன்னலில் சின்னதாக டேப் ஒட்டுங்கள். அதைத் தாண்டிப் பார்வை போனால் திரும்பி வாருங்கள். தூரத்து மலை எப்போதும் அழகாக இருக்கும், அது உங்கள் பகுதி இல்லை.

கடல், பனி, புகைமூட்டம் ஆகியவற்றின் மேல் இன்னொரு சிக்கல் உண்டு. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாதபோது கண் தானாகவே சில அடி தூரத்துக்குக் குவியத்தை மாற்றிக்கொள்ளும். உங்களுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிவது போலவே இருக்கும், ஆனால் தூரத்தில் இருப்பது தெரியாது. நிமிடத்துக்கு ஒரு முறை இறக்கை நுனியையோ தொலைவில் உள்ள படகு, மேகம் எதையாவதோ பார்த்துக் கண்ணை மீட்டுக்கொள்ளுங்கள்.

அரைமணிக்கு மேல் ஒரே மூச்சாகத் தேட முடியாது, முடிகிறது என்று நினைப்பதே களைப்பின் அறிகுறி. ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் விமானம் திரும்பும்போது கண்ணை மூடி ஓய்வு கொடுங்கள். ஆள் இருந்தால் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். வெயில் பக்கம் உட்கார்ந்தவருக்கு அது பெரிய உதவி. பைனாகுலர் தேடுவதற்கு அல்ல, பார்த்ததை உறுதிசெய்ய மட்டும். அதை வைத்துக்கொண்டு தேடினால் பத்தாவது நிமிடம் பையைத் தேடுவீர்கள்.

மனிதக் கண் இந்த வேலைக்குப் பெரிய கெட்டிக்காரக் கருவி இல்லை என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஹெலிகாப்டரின் வயிற்றில் ஒரு கண்ணாடிக் கூண்டைக் கட்டி, அதில் மூன்று புறாக்களை ஆளுக்கொரு திசையாக உட்கார வைத்தது. ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் தெரிந்தால் கட்டையைக் கொத்தப் பழக்கியிருந்தார்கள். சோதனையில் புறாக்கள் மனிதர்களை எளிதாகத் தோற்கடித்தன. அவற்றுக்குச் சலிப்பு இல்லை, அரட்டை இல்லை, கொத்தினால் தானியம் கிடைக்கும். திட்டம் பிற்பாடு நிறுத்தப்பட்டுவிட்டது, அதனால்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எது போல இருக்கும்

விமானத்தைத் தேடுகிறவர்கள் விமானம் போன்ற ஒன்றைத் தேடினால் கிடைக்காது. மோதிய விமானம் பெரும்பாலும் குப்பை போலத்தான் கிடக்கும். முறிந்த மரக்கிளைகள் ஒரே திசையில் ஒரு வரிசையாக, உள்மரத்தின் வெளிர் நிறம் தெரியும்படி. பச்சைக்கு நடுவே ஒரு கருகல். புதிதாகக் கிளறிய மண். வெயில் பட்டுச் சட்டென்று ஒரு மின்னல். அமெரிக்க சாகச விமானி ஸ்டீவ் ஃபாசெட் 2007 செப்டம்பரில் நெவாடாவிலிருந்து தனியாகப் பறந்து காணாமல் போனபோது வரலாற்றிலேயே பெரிய தேடல்களில் ஒன்று நடந்தது. தேடியவர்களுக்குப் பழைய, வேறு விமானங்களின் சிதைவுகள்தான் கிடைத்தன. அவருடையது ஒரு வருடம் கழித்து, மலையில் நடந்துபோன ஒருவர் அவரது அடையாள அட்டையைக் கண்டெடுத்த பிறகே கிடைத்தது. விமானம் அவ்வளவு சின்னச் சின்னத் துண்டுகளாகியிருந்தது.

கடலில் நேர்மாறு: எல்லாமே எதையோ போல இருக்கும். 2014இல் மலேசிய விமானம் எம்எச் 370ஐத் தேடியபோது தென் இந்தியப் பெருங்கடலில் விமானக் குழுக்கள் மிதக்கும் பொருள்களைக் கண்டன. கப்பல் போய்ப் பார்த்தால் மீன்பிடிச் சாமான்களும் கடல் குப்பையும்தான். நீரில் இருக்கும் மனிதரோ வெறும் தலைதான், ஒரு பந்து அளவு. அலை நுரை கட்டியிருந்தால் அந்தப் பந்தும் ஆயிரம் வெள்ளைப் புள்ளிகளில் ஒன்று. நுரை தோன்றி மறையும். மறையாத வெள்ளையை மறுபடி பாருங்கள். எண்ணெய்ப் படலம், பளீர்ப் பச்சைச் சாயக்கறை, ஓரிடத்தில் கூடும் பறவைகள் மூன்றும் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டியவை.

உயிரோடு இருப்பவர்கள் உங்களைக் கூப்பிடுவார்கள். மூன்று என்ற எண்ணைக் கவனியுங்கள்: மூன்று நெருப்பு, மூன்று கற்குவியல். தரையில் ஆங்கில ‘வி’ எழுத்து இருந்தால் உதவி வேண்டும், ‘எக்ஸ்’ இருந்தால் மருத்துவ உதவி வேண்டும், அம்புக்குறி என்றால் இந்தத் திசையில் போகிறோம். ‘ஒய்’ ஆம், ‘என்’ இல்லை. இரு கையையும் தூக்கி நிற்கும் ஆள் ‘ஒய்’ போலவே இருப்பார்: ஆம், உதவி வேண்டும். ஒரு கையை மட்டும் தூக்கினால் வேண்டாம். பார்த்துவிட்டோம் என்று காட்டப் பைலட் இறக்கைகளை ஆட்டுவார். இரவில் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவார்.

பார்த்ததும் வாயைத் திறவுங்கள்

90 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 90 கடல் மைலில், விமானம் ஒரு விநாடிக்கு 46 மீட்டர் போகிறது. ‘சொல்லலாமா, சிரிப்பார்களோ’ என்று பத்து விநாடி யோசித்தால் அந்தப் பொருள் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் பின்னால் போய்விடும். அடர்ந்த காட்டில் அரைக் கிலோமீட்டர் என்பது தொலைந்ததற்குச் சமம். சொல்ல வேண்டிய வரிசை இது: பக்கம், கடிகார திசை, தூரம், என்ன. விமானத்தின் மூக்கு பன்னிரண்டு மணி, வலது இறக்கை மூன்று, இடது இறக்கை ஒன்பது. ‘வலது, நான்கு மணி, கால் மைல், ஆரஞ்சு ஏதோ.’ அவ்வளவு போதும். ‘ஏதோ’ என்ற சொல்லுக்குக் கூச்சப்படாதீர்கள்.

சொன்ன பிறகு கண்ணை எடுக்கக் கூடாது, இதுதான் புதியவர்கள் தவறும் இடம். நேரத்தைக் குறிக்கக் குனிகிறார்கள், கேமராவை எடுக்கிறார்கள், நிமிரும்போது நாலாப்பக்கமும் ஒரே பச்சை. குறிப்பது முன் இருக்கைக்காரர் வேலை. அவர் ஜிபிஎஸ்ஸில் இடத்தை அழுத்திவிடுவார். நீங்கள் பொருளைப் பிடித்துக்கொண்டு, அதன் பக்கத்தில் ஓர் அடையாளத்தையும் பிடியுங்கள்: வளைந்த ஓடை, தனிப்பட்ட பாறை. பைலட் திரும்பும்போது ‘இப்போது இரண்டு மணி, இப்போது ஒன்று, நேர்’ என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். எப்படித் திரும்புவது, எவ்வளவு தாழ இறங்குவது என்பது பைலட்டின் முடிவு. ‘இன்னும் இறுக்கி, இன்னும் கீழே’ என்று ஆர்வத்தில் நெருக்காதீர்கள். தாழ்வான உயரத்தில் வேகம் குறைந்து இறுக்கமாக வளையும் விமானம் திடீரென்று விழக்கூடியது. மின்கம்பி, கோபுரம், வேறு விமானம் தெரிந்தால் மட்டும் எதன் குறுக்கேயும் பேசலாம்.

இடத்தை வானொலியில் சொல்லும்போது ஒரு பொறி இருக்கிறது. ஜிபிஎஸ் 30.50 என்று நிமிடத்தைத் தசமத்தில் காட்டும். கேட்பவர் அதை 30 நிமிடம் 50 விநாடி என்று எழுதிக்கொள்வார். உண்மையில் அது 30 நிமிடம் 30 விநாடி. வித்தியாசம் இருபது விநாடி, அட்சரேகையில் 600 மீட்டருக்கு மேல். தரைக் குழு ஒரு பள்ளத்தாக்குத் தள்ளிப் போய்த் தேடும். ‘புள்ளி’ என்பதை அழுத்திச் சொல்லுங்கள், அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

கோடுகளைப் பற்றிக் கொஞ்சம்

எந்த வடிவத்தில் தேடுவது என்று நீங்கள் முடிவு செய்யப் போவதில்லை. தெரிந்திருந்தால் எங்கே இருக்கிறோம் என்பது குழம்பாது. பெரிய பகுதி, இடம் தெரியவில்லை என்றால் இணைகோடுகள். இடம் ஓரளவு தெரியும் என்றால் நடுவிலிருந்து விரியும் சதுரம். போன பாதை தெரிந்தால் அந்தப் பாதையோடு. மலை என்றால் உச்சியில் தொடங்கிச் சுற்றிச் சுற்றிக் கீழே, ஒருபோதும் கீழிருந்து மேலே அல்ல.

காணாமல் போனது விமானம் என்றால் பைலட் 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையையும் கேட்டுக்கொண்டிருப்பார். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதில்லை, 406ஐ மட்டுமே கேட்கின்றன. விழுந்த விமானத்தின் பழைய அபாய ஒலிபரப்புக் கருவி கீழே கத்திக்கொண்டிருந்தால் அதைக் கேட்கப் போவது மேலே பறக்கிறவர்கள்தான்.

இரவுத் தேடல் தனிப் பயிற்சி. இப்போதைக்கு இரண்டு: இருட்டுக்குக் கண் பழக அரைமணி ஆகும், யாராவது செல்போனைத் திறந்தால் அது முழுக்கப் போச்சு. இரண்டாவது, மங்கலான ஒளியை நேராகப் பார்க்காமல் சற்று விலகிப் பார்த்தால்தான் தெரியும்.

இறங்கிய பிறகு

ஹெட்செட்டைக் கழற்றியதும் பேச்சு தொடங்கும். பேசாதீர்கள். ஒவ்வொருவரும் தனியாக எழுதி முடித்த பிறகு பேசலாம். முதலில் பேசிவிட்டால் அடுத்தவர் கண்ட நீலத் தார்ப்பாய் உங்கள் ஞாபகத்திலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

படிவத்தில் கண்டதை எழுதுவது சுலபம். காணாததை எழுதுவதுதான் கடினம். இந்தப் பகுதியில் மேக நிழல், இந்த ஓடைக்கரையில் மரம் அடர்த்தி, இந்தக் கோட்டில் வெயில் நேராகக் கண்ணில், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை நான் பார்க்கவில்லை. தேடலை நடத்துகிறவர் உங்கள் வார்த்தையை வைத்துத்தான் கண்டுபிடிக்கும் வாய்ப்பைச் சதவீதமாகப் போடுகிறார். ஒரு பகுதியைப் பாதி வாய்ப்போடு ஒருமுறை தேடி, மறுபடி அதே தரத்தில் தேடினால் வாய்ப்பு 75 சதவீதம் ஆகும். ஆனால் நீங்கள் ‘நன்றாகப் பார்த்தேன்’ என்று எழுதிவிட்டால் இரண்டாவது தேடலே நடக்காது. வரைபடத்தில் அந்தச் சதுரத்துக்கு நிறம் அடித்துவிடுவார்கள். அதற்குள் ஆள் இருந்தால் அவரை இனி யாரும் தேடப்போவதில்லை.

என் மூன்றாவது பறப்பில் நான்கு நிமிடம் தலையைப் பைக்குள் விட்டிருந்தேன். 90 நாட்டில் நான்கு நிமிடம் என்றால் ஆறு கடல் மைல், பதினோரு கிலோமீட்டர் தரை, வலது பக்கம் முழுவதும். எழுதுவதற்குப் பேனா வரவில்லை. எழுதினேன், நேரத்தோடு. படிவத்தை வாங்கியவர் ஒன்றும் சொல்லவில்லை, பென்சிலால் வரைபடத்தில் அந்தக் கோட்டை மட்டும் அழித்தார். மறுநாள் விடிந்ததும் கிளம்பிய முதல் விமானம் அந்தப் பதினோரு கிலோமீட்டருக்குத்தான் போனது.